வெள்ளம் இதைவிடக் குறைவில்லை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கல்முனை பஸாரில் ஒரு தையல்கடையில், முறைக்காகக் காத்திருந்தபோது எட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டது.

பக்கத்தில் இருந்த பெண் கைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண உடுப்புக்கு அளவு கொடுக்க வந்தவள். மாப்பிள்ளையின் படமாக்கும் என்று கழுத்தை நீட்டினேன். (குடும்பக் காதல் கதை எழுதுகிறவளின் கழுத்து அப்படித்தான்.) திரையில் ஒரு பாறாங்கல். அதன் அருகே ஒரு மனிதன், கல்லின் பாதி உயரம்கூட இல்லை.

"ஆரு இது?"

"கல்லு, ராத்தா."

"அது விளங்குது. பக்கத்தில நிக்கிறது மாப்பிள்ளையா?"

"அது எங்கட ப்ரொபெஸர். மாப்பிள்ள மருந்துக்கடையில நிக்காரு."

பெயர் ஸில்மியா. மருதமுனைப் பெண். குளிர்நாடு ஒன்றில் ஆராய்ச்சிப் படிப்பு. கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தாள். இனி வருவதில் பாதி அவள் சொன்னது, மீதி நான் கட்டியது.

2

தொடக்கம் ஒன்று: "பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பெரிய ஏரியைத் தடுத்து நின்ற பனிக்கட்டி அணை உடைந்தபோது..."

(நிறுத்திவிட்டேன். பாண்டிருப்பில் இருக்கும் என் சிநேகிதி ஜெனோசாதான் எதையும் முதலில் வாசிப்பவள். "பாடம் எடுக்கிறியா புள்ள? காதல் எங்க?" என்றாள்.)

தொடக்கம் இரண்டு: "ஸில்மியாவின் கண்கள் கடலைப் போல..."

(இதை வேறு நாவல்களில் எழுதித் தொலைத்துவிட்டேன். தவிர, எங்கள் கரையில் ஒருத்தியைப் புகழக் கடலைக் கூப்பிட முடியாது.)

ஆகவே சாதாரணமாகவே சொல்கிறேன். பனியுகம் முடியும் காலத்தில், பனிக்கட்டிக்குப் பின்னால் தேங்கிய ஏரிகள் அணையை உடைத்துக்கொண்டு பாய்ந்தன. அந்த வெள்ளங்களைப் பார்த்து எழுதிவைத்தவர் யாருமில்லை. அவை எவ்வளவு பெரியவை என்று கணக்கிடுவதுதான் ஸில்மியாவின் படிப்பு. தண்ணீர் எந்த உயரம்வரை வந்தது என்பதற்குப் பள்ளத்தாக்கின் சுவரில் அடையாளம் இருக்கும். எவ்வளவு வேகமாக வந்தது என்பதற்கு, அது தூக்கிவந்து போட்ட கல்லில் மிகப் பெரியதைத் தேடுவார்கள்.

"கல்லு பொய் சொல்லாது. ஆனா முழுசாவும் சொல்லாது" என்றாள். "இவ்வளவு பெரிய கல்லத் தூக்கிற அளவு வேகம் இருந்திரிக்கி, அவ்வளவுதான். அதுக்கு மேல எவ்வளவெண்டு கல்லுக்குத் தெரியாது. கடைசியில நாங்க எழுதுற ஒரே வசனம்: வெள்ளம் இதைவிடக் குறைவில்லை."

3

இப்போது அவளுடைய வாப்பா. இந்த ஆளை எழுதத்தான் பயமாக இருக்கிறது.

முத்தலிப், சாரன் வியாபாரி. இரண்டாயிரத்து நாலில் கடல் வந்த அன்று, எட்டு வயது ஸில்மியா கடலுக்குத் தூரமான இறக்காமத்தில் மாமி வீட்டில் இருந்தாள். இங்கே முத்தலிப் தன் இளைய பிள்ளை இன்ஸாபின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார். தண்ணீர் வந்தது. அது போனபோது அவர் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். பிள்ளையின் கை அவர் கையில் இல்லை.

யார் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி இடுப்பளவுதான்."

(அனுதாபத்துக்காக 'கடல் பனை உயரம் வந்தது' என்று ஒரு வரைவில் எழுதினேன். அவர் இடுப்பளவு என்கிறார். எனக்கு ஏன் பனை? அடித்துவிட்டேன்.)

அந்த இரண்டு சொல்லை அவர் தனக்கு எதிரான சாட்சியாகத்தான் சொல்லிவந்தார் என்பது ஸில்மியாவுக்குக் கல்யாணம் நெருங்கியபோதுதான் விளங்கியது. எங்கள் நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலக்கையைத் தன் வலக்கையால் பிடித்துக்கொண்டுதான் மகளை ஒப்படைக்கும் வார்த்தையைச் சொல்ல வேண்டும். முத்தலிப் தன் தம்பியைக் கூப்பிட்டு, தனக்குப் பதிலாக அதைச் செய்யச் சொல்லிவிட்டார்.

"ஏன் வாப்பா?"

"இடுப்பளவு தண்ணியில ஒரு புள்ளையப் புடிச்சி வைக்க ஏலாத கை மகள் இது. இதால உன்னக் குடுக்க மாட்டன்."

4

இங்கே என் கதாநாயகி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் அழ வேண்டும். நான் எழுதியிருந்தால் அழுதிருப்பாள். அவளோ அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கடற்கரை வீதிக்குப் போனாள்.

வாப்பா தவறாக நினைவு வைத்திருக்கிறார், தண்ணீர் ஆள் உயரமாவது வந்திருக்கும் என்று நிரூபிப்பதுதான் அவள் திட்டம். எல்லாச் சுவரிலும் புதுப் பெயின்ட். கைவிட்ட களஞ்சிய அறை ஒன்றின் உட்சுவரில் மட்டும் மண்ணிறக் கோடு மிச்சம் இருந்தது. நாடாவைப் பிடித்துப் பார்த்தாள்.

இடுப்பளவு.

அவள் அங்கேயே உட்கார்ந்து...

(இந்த வசனத்தை முடிக்கவில்லை. வாப்பா சொன்னது சரியாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரு மகளை எப்படி முடிப்பது?)

திரும்பி வரும்போதுதான், பள்ளிவாசலின் பின்வீதியில் ஒருவர் ஆடு கட்டிவைக்கும் சீமெந்து வளையத்தைப் பார்த்தாள். அவர்கள் வீட்டுப் பழைய கிணற்றின் மேல்வளையம். கடல் கொண்டுவந்து போட்டது; அதற்குப் பிறகு யாரும் அதை அசைக்கவில்லை. தினமும் கடந்துபோன பொருள். மறுநாள் வாப்பாவை அங்கே கூட்டிவந்தாள்.

"இத ஆரு இஞ்ச கொண்டு வந்த?"

"தண்ணிதான்."

"கிணத்துக்கு வைக்கக்குள்ள எத்தின பேரு உருட்டின?"

"நாலு பேரு. அப்பயும் ஒருவனுக்கு விரல் நசிஞ்சி போச்சி."

"தண்ணி இடுப்பளவுதான் வாப்பா. நீங்க சொன்னது சரி. கோடும் அததான் சொல்லுது. ஆனா நிண்ட தண்ணி இல்ல, ஓடின தண்ணி. இந்த வளையத்த இஞ்ச வரைக்கும் கொண்டுவாறண்டா, ஒருவன் மூச்சப் புடிச்சி மிதிக்கிற சைக்கிளின்ட வேகம் வேணும். நெல்லு மூட ஏத்தின ட்ரெக்டர் பெட்டி அந்த வேகத்தில இடிச்சா, கையில புள்ளையோட நிப்பீங்களா?"

முத்தலிப் ஆட்டை மெல்லத் தள்ளிவிட்டு வளையத்தைத் தொட்டார்.

"இது கூடின கணக்கா, குறைஞ்ச கணக்கா?"

"குறைஞ்ச கணக்கு. இதவிடக் குறையாது."

"கணக்கு உனக்குச் சரியாத்தான் இரிக்கும் மகள்." உள்ளங்கையைப் பார்த்தார். "இந்தக் கைக்குக் கணக்குத் தெரியாது."

5

"இப்ப முடிவு" என்றாள் ஜெனோசா. "அழ வைக்கிற முடிவா, சிரிக்க வைக்கிற முடிவா?"

முடிவு அ: பள்ளிவாசலில் மாப்பிள்ளை முபீன் கையை நீட்டுகிறான். தம்பி எழுந்திருக்கிறார், முத்தலிப் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத் தன் கையைக் கொடுக்கிறார். என் வாசகிகள் விசும்புவார்கள்.

முடிவு ஆ: தம்பியே கொடுக்கிறார். முத்தலிப் கடைசி வரிசையில் கையைச் சாரனில் துடைத்தபடி இருக்கிறார். விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நானே உருட்டிக்கொண்டுபோய் வைத்த வளையமாக இருந்தன. உண்மை என்னவென்றால், நிக்காஹ் நடந்தது பள்ளிவாசலில். பெண்கள் நாங்கள் வீட்டில்; ஸில்மியா என்னையும் அழைத்திருந்தாள். ஸில்மியா பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தன் படிப்பின் வெள்ளங்களில் எதையும்தான் அவள் பார்த்ததில்லை.

(ஜெனோசா: "மாப்பிள்ளையக் கேட்டாச் சரிதானே?" கேட்பாள். ஆனால் மாப்பிள்ளை இன்னும் ஆண்கள் கூட்டத்தில்தான் இருக்கிறான். அவன் உள்ளே வருவதற்கு முன்பே இந்தக் கதையை நிறுத்தப்போகிறேன்.)

6

ஆண்கள் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். சஹன் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர். முதலில் பாத்திரத்தில் தண்ணீர் வரும், கை கழுவிவிட்டு எல்லோரும் ஒரே தட்டில் கையால் சாப்பிடுவார்கள்.

முத்தலிப்பின் தம்பி மனைவி முஸ்பிறா குசினிக்குள் வந்தாள்.

"றுகையா ராத்தா, ஒரு கரண்டி தாங்க."

"என்னத்துக்கு?" என்றாள் ஸில்மியாவின் உம்மா.

"உங்கட மனுசன் கேக்காராம். கை கழுவத் தண்ணி கொண்டுபோனதுக்கும் வேணாமெண்டுட்டாராம்."

"சஹனுக்குக் கரண்டியா? எப்பயிருந்து இவரு வெள்ளக்காரன்?" யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். றுகையா சிரிக்கவில்லை.

"அங்க என்ன நடந்த? உன்ட மனுசன் ஒண்டும் சொல்லல்லயா?"

"அவருக்கு வாய் நிறையச் சோறு."

ஒரு கையைப் பிடித்ததால் அந்தக் கையைக் கழுவ மனம் வராமல் இருக்கலாம். எந்தக் கையையும் பிடிக்காததால், ஐந்து பேர் கைவைக்கும் தட்டில் அதை வைக்கக் கூச்சமாகவும் இருக்கலாம். கரண்டிக்கு அதற்கு மேல் தெரியாது.

கல்யாண உடுப்போடு ஸில்மியா அறையிலிருந்து வந்து வாசல்நிலையில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"குறைஞ்சது..." என்று ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

பிறகு உம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, தன் முக்காட்டு நுனியால் துடைத்து, முஸ்பிறாவிடம் கொடுத்தாள்.

நான் அதை உங்களிடம் கொடுக்கிறேன்.