துரையின் புதுச் செயின்

மோட்டார் சைக்கிளின் செயின் முந்தின நாள் சாயங்காலமே அறுந்துபோயிருந்தது. கிளப்பிலிருந்து வந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கடைசி இரண்டு மைலும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, ரப்பர் ஸ்டோரில் நிறுத்திவிட்டுப் போனார். ஆபீஸ் அலமாரியில் புதுச் செயின் ஒன்று தயாராக இருந்தது. சனிக்கிழமை மாட்டினால் போதும் என்றுதான் அப்போது சொன்னார். ஆனால் மறுநாள் புதன்கிழமை, காலை ஏழு அடிப்பதற்குள் ஸ்டானிஸ்லாசின் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. உடனே மாட்டவேண்டுமாம். துரையே ஸ்டோரில் வந்து நிற்கிறாராம்.

மலாயாவில் அந்தச் சுங்கை மேரா ரப்பர் தோட்டத்தில் ஸ்டானிஸ்லாஸ் இஞ்சின் டிரைவர். ரப்பர் ஷீட் அழுத்தும் உருளைகளை ஓட்டும் இஞ்சினோடு, துரையின் மோட்டார் சைக்கிளும் அவன் பொறுப்புதான். சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனவனை அவன் மனைவி எல்ஸி கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"செல்லாயி விடியுமுன்னே ஈப்போவுக்கு நடந்து போயிட்டா. லேபர் ஆபீசுக்கு. மனு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

செல்லாயியின் புருஷன் பத்துமலைக்கு நேர்ந்த கதி தோட்டம் முழுக்கத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் காய்ச்சலில் படுத்துக் கிடந்தவன் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகவில்லை. துரை கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்கே வந்து அவனை வெளியே இழுத்துப்போட்டுக் கைத்தடியால் அடித்தார். முன்கை எலும்பு முறிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகத்திலோ படியில் வழுக்கி விழுந்தான் என்று எழுதியிருந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கை இப்போது வீங்கி நீலம் பாய்ந்திருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

அது உண்மைதான். அவன் இறங்கி நடந்தான்.

ஸ்டோரில் துரை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார். கூலிக்காரர் புகாரை விசாரிக்கும் சர்க்கார் லேபர் ஆபீசுக்குச் செல்லாயி கிளம்பிய சேதி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அவள் ரயிலேறியிருப்பாள் என்று கங்காணியை சைக்கிளில் செம்மோர் ரயிலடிக்கு விரட்டியிருந்தார். ஈப்போ ரோட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகத் துரை தோட்டத்துத் தமிழில் சொன்னார். ஸ்டானிஸ்லாஸ் மனத்துக்குள் கணக்குப் போட்டான். ஈப்போ பதினோரு மைல். ஐந்து மணிக்குக் கிளம்பினவள் ஒன்பதுக்குப் போய்ச் சேருவாள். மோட்டார் சைக்கிளுக்கு அரைமணி நேரம் போதும். எட்டு மணிக்கு வண்டி கிளம்பினால் அவளை வழியிலேயே மடக்கிவிடலாம். மடக்கினால் மடியிலிருக்கும் மனுவும் துரை கைக்கு வந்துவிடும். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியை விட்டால் அந்தத் தோட்டத்தில் கோர்வையாக எழுதத் தெரிந்தவள், கல்யாணத்துக்கு முன் மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த எல்ஸி ஒருத்திதான்.

துரையை ஏமாற்றவும் முடியாது. பிரான்சு தேசத்துச் சண்டையில் குண்டுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர் அவர். எந்த நட்டு எதற்கென்று அவனைவிட நன்றாக அறிந்தவர். வேண்டாத வேலை ஒன்றைச் செய்தால் அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவார். எனவே வேண்டிய வேலை எல்லாவற்றையும், ஒன்று விடாமல் செய்வது என்று ஸ்டானிஸ்லாஸ் முடிவுகட்டினான்.

முதலில் பல்சக்கரத்தில் அப்பியிருந்த செம்மண்ணையும் பழைய கிரீசையும் மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவினான். பின்பு துரையைக் கூப்பிட்டுப் பற்களைக் காட்டினான். மூன்று பற்கள் கொக்கி மாதிரி வளைந்து தேய்ந்திருந்தன. இப்படியே மாட்டினால் புதுச் செயினையும் தின்றுவிடும் என்றான். துரை விரலால் தடவிப் பார்த்து, சீக்கிரம் அரத்தைப் போடு என்றார். அரம் போட்டு முடிக்க இருபது நிமிஷம் ஆனது. பழைய செயின் நீண்டு போயிருந்ததால் பின்சக்கரம் கடைசிவரை தள்ளி வைத்திருந்தது. புதுச் செயினுக்கு அதை முன்னால் கொண்டுவர வேண்டும். அச்சு நட்டு துருவேறிப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. அதற்கு அவன் காரணமில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி விட்டு, ஒருவழியாகத் திருகினான்.

"போதும். மாட்டு," என்றார் துரை. மணி ஏழு ஐம்பது.

செயினின் இரு முனைகளும் சேருமிடத்தில் ஒரு இணைப்புக் கண்ணி உண்டு. அதை அவிழ்ந்துபோகாமல் பிடிப்பது நகத்தளவு கிளிப் ஒன்றுதான். செயின் ஓடுகிற திசையில் கிளிப்பின் மூடிய பக்கம் முன்னால் இருக்கவேண்டும், பிளந்த வாய் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்று பறந்துவிடும். துரை தொப்பியை எடுக்க வாசலுக்குப் போனார். அந்தக் கணத்தில் ஸ்டானிஸ்லாசின் விரல்கள் கிளிப்பைத் திருப்பிப் போட்டன.

அவன் அப்படி ஒரு வேலை செய்தது ஆயுசில் அதுதான் முதல் தடவை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே இறுகுகிறது என்று பார்த்து, அங்கே அரை அங்குலம் தொய்வு வைத்தான். நூல் பிடித்து இரண்டு சக்கரமும் ஒரே நேரில் நிற்கிறதா என்று பார்த்தான். அதையெல்லாம் கை தானாகச் செய்தது. கண்ணுக்குள் ஈயம் தோண்டிய ஆழக் குட்டையை ஒட்டி ஈப்போ ரோடு வளையுமிடம் வந்து நின்றது. அங்கே வேலி கிடையாது. வேகமாக ஓடுகிற செயின் அறுந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஆள் நேரே குட்டைக்குள்தான்.

துரை ஏறி உதைத்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. எட்டு அடித்துச் சில நிமிஷம்தான் ஆகியிருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் முன்னால் போய்க் கைப்பிடியைப் பற்றினான். "நிறுத்துங்க தொரை. கிளிப்பு தலைகீழா கெடக்கு."

துரை இஞ்சினை அணைத்தார். இறங்கிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருக்கவில்லை, வெளுத்திருந்தது. "தெரியாம போட்டியா, தெரிஞ்சு போட்டியா?"

ஸ்டானிஸ்லாஸ் குறடு ஒன்றை எடுத்துவந்தான். உட்கார்ந்து கிளிப்பை நெம்பினான். செயின் கிரீசில் குறடு வழுக்கி, கிளிப் டிங்கென்று தெறித்து எங்கோ போய் விழுந்தது.

இதை அவன் வேண்டுமென்று செய்யவில்லை. சொன்னால் யார் நம்புவார்? வேறு கிளிப்பும் கிடையாது. பழையது நேற்றுச் செயினோடு ரோட்டிலேயே போய்விட்டது. இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். மரத்தூளைக் கையால் அளைந்தார்கள், பால் வாளிகளை நகர்த்தினார்கள், கழுவிக் கவிழ்த்திருந்த, மரத்துப் பால் பிடிக்கும் மங்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் மெய்யாகவே தேடினான். கிடைக்க வேண்டும் என்று ஒரு பக்கமும் கிடைக்கக்கூடாது என்று ஒரு பக்கமும் நெஞ்சு அடித்துக்கொண்டது. துரையின் வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை கறுத்துவிட்டது. அரைமணி கழித்து, இஞ்சின் மேடைக்குக் கீழிருந்த எண்ணெய்ச் சேற்றிலிருந்து அதைத் துரையே தன் விரலால் எடுத்தார்.

"நீயே போடு," என்றார். "எந்தப் பக்கம்னு சொல்லிக்கிட்டே போடு."

அவன் சொல்லிக்கொண்டே போட்டான். வண்டி கிளம்பும்போது எட்டே முக்கால்.

அன்று காலை இஞ்சின் ஓடியதும் ஷீட்டுகள் உருளையில் வந்து விழுந்ததும் அவன் காதில் ஏறவில்லை. பத்தரை மணிக்கு எல்ஸி ஸ்டோர் வாசலுக்கு வந்து நின்றாள். அவன் நடந்ததைச் சொன்னான், கிளிப்பைத் திருப்பிப் போட்டதையும் மறைக்காமல். "அப்படியே விட்டிருந்தா நான் உங்க மூஞ்சிய பார்த்திருக்க மாட்டேன்," என்றாள் எல்ஸி. வீட்டுக்குப் போகச் சொல்லியும் கேட்காமல் அங்கேயே நின்றாள்.

பதினொரு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. துரை தனியாகத்தான் வந்தார். அவர் போனபோது செல்லாயி லேபர் ஆபீஸ் வராந்தாவில் பியூனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். மனு ஏற்கெனவே உள்ளே மேசைக்குப் போய்விட்டதாம். அங்கேயிருந்த வெள்ளைக்கார ஆபீசர் அதைத் துரைக்கு வாசித்தே காட்டியிருக்கிறார்.

"நல்ல கையெழுத்து," என்றார் துரை, எல்ஸியைப் பார்க்காமல்.

ஸ்டானிஸ்லாஸ் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான். "என் சம்சாரம் எழுதினதுதான் தொரை. அதுல பொய் ஒண்ணும் இல்ல."

துரை அவனை அதட்டவில்லை. மாசம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிடு என்றார். இரண்டு அடி போய்த் திரும்பி வந்தார். "கிளிப்ப ஏன் சொன்ன? பேசாம இருந்திருக்கலாமே."

"குட்டைக்கிட்ட வளைவு இருக்கு தொரை," என்றான் அவன். துரை பங்களாப் பக்கம் நடந்தார்.

வெள்ளிக்கிழமை ஆபீசரும் ஒரு டாக்டரும் காரில் வந்து பத்துமலையின் கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். அன்றைக்கே அவனைப் பத்து காஜா ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பை மறுபடி ஒடித்துச் சேர்த்ததில் கை பிழைத்தது. ஆனால் பால்வெட்டுக் கத்தியை இறுக்கிப் பிடிக்கும் பலம் திரும்பவில்லை. விசாரணையில் துரைக்கு அபராதம் விழுந்தது. அவர் அதே பங்களாவில்தான் இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு பெரட்டுக்கு வரும்போது கைத்தடி கொண்டுவரவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். செல்லாயி புருஷனை அழைத்துக்கொண்டு பீடோரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஸ்டானிஸ்லாசுக்குக் கமுந்திங்கில் ஒரு ஈயச் சுரங்கத்தில் பம்பு இஞ்சின் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, வீடும் ஒழுகும் வீடு. போய் இறங்கிய வாரமே சுரங்கத்து ஆட்கள் இரண்டு பேர் எல்ஸியைத் தேடி வந்து, ஊருக்குக் கடுதாசி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். அவள் ஸ்டானிஸ்லாசைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போய் மேசையை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்திப் போட்டான்.