எழுத்தாக இருந்தவரை

டீத் தூக்கோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் குரலே எனக்குக் கேட்டது. எதிர் வரப்பில் குச்சி ஊன்றி, போனையும் ஒரு ஸ்பீக்கரையும் தொங்கவிட்டிருந்தார்கள். எட்டுப் பெண்கள் குனிந்து சம்பா நட்டபடி, பின்னோக்கி நான் நின்ற பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் அம்மா.

“அக்கா, ஒங்க பாட்காஸ்ட்டுதான். நேத்திலேருந்து ஒன்னொன்னா ஓடுது” என்றாள் பக்கத்து வீட்டுத் தமிழ்நிலா, நிமிராமலே. எந்தக் கதை ஓடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் வலைப்பூவில் எழுதியது அது. தஞ்சாவூரில் கல்லூரி வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, அறுப்புக் களத்தில் அம்மா இரண்டு பிடி நெல்லை மடியில் மறைத்ததையும், பண்ணையை மேற்பார்த்த காரியக்காரர் எல்லோர் முன்னும் சேலையை உதறச் சொன்னதையும் எழுதியிருந்தேன். முகம் தெரியாத அறுபது பேர் கண் கலங்கியதாகப் பின்னூட்டம் போட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஊரில் ஒருவரும் படிக்கவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.

பிறகு வலைப்பூ பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் வண்டி ஓட்டிக்கொண்டும் சமைத்துக்கொண்டும் கேட்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்ல, பழையவற்றை வாசித்துப் பதிவேற்றினேன். நாற்று நட்டுக்கொண்டும் கேட்பார்கள் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. படிக்கிறவர்கள் பிடிக்காத வரியைத் தாண்டிப் போய்விடலாம். இரண்டு கையும் சேற்றில் இருக்கிறவள் எதைத் தாண்டுவாள்?

ஓடிப்போய் போனை அணைக்கலாம் என்றால் நடுவே புதிதாக நட்ட பயிர். வரப்பைச் சுற்றிப் போவதற்குள் கதை முடிந்துவிடும். நின்றேன். பெண்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அம்மாவின் முதுகு ஒவ்வோர் அடியாக என்னை நெருங்கியது. நெல் மண்ணில் சிந்தியதை என் குரல் சொன்னபோதும் அவள் கை நிற்கவில்லை.

‘வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றது குரல்.

அம்மாவின் கை நின்றது. நாற்று முடியோடு நிமிர்ந்து, திரும்பி, வரப்பருகே வந்தாள்.

“நீ பாத்தியா?”

“பாத்தேம்மா.”

“நீ தூங்குறன்னுல்ல நெனச்சேன்.” கையிலிருந்த நாற்றையே பார்த்தாள். “அத்தன பேரு முன்னாடி ஒதறிட்டு, எம்புள்ள பாக்கலங்குற ஒத்த நெனப்ப வச்சுக்கிட்டுத்தான் அன்னிக்கு வீட்டுக்கு நடந்தேன்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எழுதியதற்கா, பார்த்ததற்கா என்று தெரியவில்லை.

“நிறுத்திடவா சின்னம்மா?” என்றாள் தமிழ்நிலா.

“ஓடட்டும். என்ன சொல்லி முடிச்சிருக்கான்னு கேப்போம்.”

அம்மா வரப்பில் உட்கார்ந்தாள். நான் ஊற்றிய டீயை வாங்கவில்லை. அங்கே என் குரல் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. நடவு வரிசையில் அம்மா விட்ட இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கத்திலும் இருந்த பெண்கள், தலை நிமிராமல், ஆளுக்குக் கொஞ்சமாகக் கை நீட்டி அதையும் நட்டபடி பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.