பலகைப் புத்தி

கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு ஏற்றும் லாரிகளுக்குப் பலகை போடுவதில் ஒரே ஒரு விதிதான். மூணுக்கு ஒண்ணு. லாரித் தட்டு நாலடி உயரம் என்றால் பலகை பன்னிரண்டடி. குட்டையாகப் போட்டால் மூட்டையோடு ஏறுகிறவனுக்கு நெஞ்சு அடைக்கும். நீளமாகப் போட்டால் பலகை நடுவில் வளையும். லாரிக்கும் தரையில் ஊன்றிய பலகையின் காலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எவனும் அளந்ததில்லை. தரையில் யார் நடக்கிறார்கள்? நடப்பது பலகையில்.

இன்னொன்றும் அங்கே எல்லோருக்கும் தெரியும். லாரி நிறைய நிறையத் தட்டு தாழும், பலகையின் கால் வெளியே நகரும். தட்டு உயர்ந்தால் கால் உள்ளே போகும். அதனால் ஒருவன் எப்போதும் பலகையின் காலைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முப்பிடாதி பதினாறு வயதில் இந்தப் பலகையில் ஏறினான். எண்பத்திமூன்றாம் வருஷம் அவனுக்கு இருபத்திமூன்று வயது. அப்பா சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்து சுமைதூக்கிகளின் யூனியனில் கார்டு வாங்கியவர். முதுகெலும்பு விலகிப் போன மழைக்காலத்திலிருந்து படுக்கையில் கிடந்தார். அவருடைய கார்டில் பதிலாளாக முப்பிடாதி காலை ஆறிலிருந்து எட்டரை வரை மூட்டை ஏற்றுவான். பிறகு கைகாலைக் கழுவிக்கொண்டு பஸ் பிடித்துத் தேவராவுக்குப் போவான். அங்கே ஒரு பெரிய தகரக் கொட்டகையில் விமானப் பராமரிப்புப் பயிற்சிப் பள்ளி நடந்தது. பியூசிக்குச் சமமான பி.டி.சி. படித்திருந்ததால் இடம் கிடைத்தது. சட்டைக்குள் சுக்குத் தூசி அரித்துக்கொண்டே இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை யூனியன் கன்வீனர் சங்கிலிப்பாண்டி அவனை நிறுத்தினார்.

"ஏலே ஏரோப்ளேன், ஒங்கப்பன் கார்டுல இன்னும் எத்தன நாளைக்குப் பதிலாளுன்னு எழுதுறது? கமிட்டில கேக்கான். திங்கக்கெழமக்குள்ள ஒம் பேருக்கு மாத்து. இல்லாட்டா பள்ளுருத்திக்காரன் ஒருத்தன் காத்து நிக்கான்."

"மாத்துனா நாள் முழுக்க நிக்கணும்லா அண்ணாச்சி."

"பின்னே? காலைல கார்டு, பத்து மணிக்குக் காலேஜா? வேற எவனுக்குடே இந்தச் சலுக?"

"நாளைக்குக் கடைசிப் பரீட்ச. சனிக்கிழம ரிசல்ட்டு. எழுவது வாங்கிட்டா ஏரோப்ளேன் நிறுத்துற ஹேங்கர்ல பயிற்சிக்கு எடுத்துக்குவான், சம்பளத்தோட. கார்டு வேண்டாம்."

"வாங்கலைன்னா?"

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதலாம்."

"ஆறு மாசம் கார்டு காத்துக் கெடக்காது. அத நெனப்புல வச்சிக்கிட்டுப் பரீட்ச எழுது."

முப்பிடாதி அடுத்த மூட்டைக்குத் தலையைக் கொடுத்தான்.

எழுபது வாங்க முடியும் என்று அவன் நம்பியதற்குக் காரணம் இருந்தது. எழுத்துத் தேர்வுகள் முடிந்துவிட்டன, மோசமில்லை. மிச்சம் இருந்தது செய்முறை மட்டும். கணக்கில் அவனுக்கு இருந்த ஒரே கோளாறையும் அவன் சரிசெய்துவிட்டிருந்தான்.

அந்தக் கோளாறு முதல் மாதத்திலேயே வெளிப்பட்டது. முக்கோணக் கணக்கு சொல்லிக்கொடுத்தது கமலாக்ஷி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், அவனைவிட நாலைந்து வயதுதான் கூட. கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினாள். தரையில் பன்னிரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால், நாலடி உயரத்தில் இருப்பது எந்தக் கோணத்தில் தெரியும்? முப்பிடாதி யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு, நாலு, மூணுக்கு ஒண்ணு. பலகைக் கணக்கு. அட்டவணையில் சைன் பக்கத்தைப் புரட்டிப் பத்தொன்பதரை டிகிரி என்றான்.

"பதினெட்டரைகூட வராது. ஒனக்கு எப்படிப் பத்தொம்பதரை வந்தது?"

அவன் பலகையைப் பற்றிச் சொன்னான். வகுப்பு சிரித்தது. கமலாக்ஷி சிரிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

"நீ பலகைமேலேயே நிக்கறாய். பன்னெண்டு அடின்னு நான் சொன்னது தரை. பலகை நீளம்னா சைன், தரைன்னா டேன். தரைக்கு எறங்கு, கேட்டியா?"

அன்றிலிருந்து மலையாளப் பையன்கள் அவனைப் 'பலகச்சேட்டன்' என்று கூப்பிட்டார்கள். நோட்டு அட்டையின் உள்பக்கம் அவன் 'தரை' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தான். எந்தக் கணக்கானாலும் முதலில் தரைக்கோடு போடுவான். பிறகுதான் மற்றது. மூன்று மாதம் தப்பும் தவறுமாகப் போயிற்று. நாலாவது மாதத்திலிருந்து சைன் பக்கம் புரட்டக் கை போனால் தானே நின்றது. பலகைப் புத்தி போய்விட்டது என்று நினைத்தான்.

வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. கொட்டகைக்குப் பின்னால் கழித்துப் போட்ட விமானம் ஒன்றின் இறக்கையை முக்காலிகள்மேல் கிடத்தியிருந்தார்கள். இறக்கையின் பின் ஓரத்தில் ஏலரான். கீல் வைத்து மேலும் கீழும் அசைகிற தகட்டுத் துண்டு. விமானத்தைச் சாய்ப்பது அதுதான். வெளியிலிருந்து வந்த பரிசோதகர் கேள்வித்தாளைக் கொடுத்தார்.

கீலிலிருந்து ஏலரானின் விளிம்பு வரை நாற்பது சென்டிமீட்டர். விளிம்பு எவ்வளவு உயர்ந்தால் ஏலரான் இருபது டிகிரி நிற்கும்? கணக்கிட்டு, பக்கத்தில் நிறுத்திய அளவுகோலில் குறித்து, அந்த உயரத்தில் பூட்டிக் காட்டு. கோணமானி தரப்படாது. அரை டிகிரி வரை பிசகலாம். பத்து மதிப்பெண்.

முப்பிடாதி முதலில் தரைக்கோடு போட்டான். அதன்மேல் நாற்பது என்று எழுதினான். இருபது டிகிரிக்கு டேன், புள்ளி மூணு ஆறு நாலு. நாற்பதால் பெருக்கினான். பதினாலு புள்ளி ஐந்து ஆறு.

ஏலரான் மட்டமாக இருக்கும்போது அதன் விளிம்பு அளவுகோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அளவுகோலில் பதினாலரைக்குச் சற்று மேலே பென்சிலால் கோடு போட்டு, விளிம்பைத் தூக்கினான். உயர உயர விளிம்பு அளவுகோலை விட்டு உள்ளே போயிற்று. குறித்த உயரத்துக்கு வந்தபோது நடுவில் ஓர் அங்குல இடைவெளி இருந்தது.

கை நின்றது. தட்டு உயர்ந்தால் கால் உள்ளே போகும். அவன் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான், தலைகீழாக. நாற்பது மாறவில்லை. மாறியது கீழே இருந்த தூரம். ஏற்றமும் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. மூணுக்கு ஒண்ணு என்பது கிட்டத்தட்ட இருபது டிகிரி. ஏழு வருஷம் தினமும் ஏறிய ஏற்றம். இது அதைவிடச் செங்குத்து என்று காலுக்குத் தெரிந்தது.

பலகைப் புத்தி, என்று தன்னையே வைதுகொண்டான். கடைசி நாளில் வந்து நிற்கிறது பார்.

"டைம் கழியாறாயி, கேட்டோ" என்று நேரம் முடியப்போவதைச் சொன்னார் பரிசோதகர்.

அளவுகோலின் அடியை ஓர் அங்குலம் உள்ளே தள்ளினான். இடைவெளி போயிற்று. கோடும் விளிம்பும் ஒட்டி நின்றன. பூட்டினான்.

பரிசோதகர் தன் கோணமானியை ஏலரானின்மேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஏதோ எழுதினார்.

சனிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அறுபத்துநாலு. ஏலரான் கணக்குக்கு நேரே சைபர். இருபத்தொண்ணரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றிருக்கிறது.

கமலாக்ஷி அவனை வராந்தாவில் பார்த்தாள். அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பத்து கெடச்சிருந்தா எழுபத்திநாலு. டேன் எதுக்குடா போட்டாய்? கீலிலேர்ந்து வெளிம்புதானே நாப்பது? அது தூக்கினா நீளம் மாறுமோ? இது சைன் ஆக்கும்."

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சா ஏன் போடலை?"

"பலகைல இருந்து தெரிஞ்சுது. அதான் போடல."

கமலாக்ஷி கையிலிருந்த சாக்பீஸ் பொடியைப் புடவையில் தட்டினாள்.

"எறங்குன்னு சொன்னேன். எப்போ ஏறணும்னு நான் சொல்லலை" என்றாள். பிறகு, "செப்டம்பர்லே எழுதறியோ?"

"நாள் முழுக்க வேலை இருக்கும் டீச்சர்."

வீட்டில் அம்மா ஒச்சம்மாள் முறத்தில் சுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை என்று கேட்டாள். சொன்னான். "அறுவத்திநாலு கொறச்சலாடே?" என்றாள். குறைச்சல்தான் என்றான். அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப கார்டு?" என்றாள். "திங்கக்கெழம" என்றான்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கார்டில் பேரை மாற்றிக்கொண்டு குடோனுக்கு வந்தான். புது லாரி ஒன்று காலியாக நின்றது. தட்டு வழக்கத்தைவிட உயரம். பலகை போட்டிருந்தார்கள்.

"ஏரோப்ளேன் எறங்கிருச்சுடோய்" என்று யாரோ கத்தினான்.

சங்கிலிப்பாண்டி கத்தியவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முப்பிடாதியிடம் பலகையைக் காட்டினார். "செரியா இருக்கால?"

முப்பிடாதி பார்த்தான். பலகையின் கால் உள்ளே போயிருந்தது.

"ஏத்தம் கூடுதல்."

"எவ்வளவு?"

"ஒண்ணர டிகிரி இருக்கும்."

"அந்த எழவு யாருக்கு வேணும்? எத்தனை கல்லு, அதச் சொல்லு."

"ரெண்டு வரி."

இரண்டு வரிசை செங்கல் அடுக்கிப் பலகையின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். சங்கிலிப்பாண்டி நடுவில் நின்று ஒருமுறை குதித்துப் பார்த்தார். முப்பிடாதி சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்து, முதல் மூட்டையை வாங்கிக்கொண்டு ஏறினான்.