எண்ணெய் கேட்காத பெட்டி

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அன்னாளைப் போலச் சந்தோஷப்பட்ட பெண் நாமக்கல்லிலேயே இருந்திருக்க மாட்டாள். பின்கட்டில் ஒரு கூடை நிறையக் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. தாய்க்கோழி இல்லை, விளக்கு இல்லை. வெயிலே அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள்!

அன்னாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிற டீச்சர். சண்டைக்காலம் வந்து மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பான பிறகு, விளக்குச் சூட்டில் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை பிறந்தது. சோடியம் பாஸ்பேட் என்று ஓர் உப்பு உண்டு. கோழியின் அடிவயிற்றுச் சூட்டை ஒட்டிய சூட்டிலேயே அது உருகிவிடும். பகலில் கூரைமேல் கறுப்புத் தகரத் தொட்டியில் காய்கிற தண்ணீரைக் குழாய் வழியாக உப்பு டப்பாக்களைச் சுற்றி ஓடவிட்டால் உப்பு உருகும். ராத்திரி அது மறுபடி இறுகும்போது, வாங்கிய சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். அந்த டப்பாக்களின்மேல் முட்டைத்தட்டை வைத்து, சுற்றிலும் உமி அடைத்து கால் வைத்த ஒரு மரப்பெட்டி செய்தாள்.

பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்டு வருகிறவள் ராத்திரியும் விழித்திருக்க வேண்டாமென்று, காவலைப் புருஷன் சவரியார் ஏற்றுக்கொண்டார். அவர் பம்ப்செட் கம்பெனி ஏஜெண்ட். பேச்சிலே கல்லையும் கரைப்பவர். பெட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். தினமும் விடியற்காலையில் அவள் காப்பியோடு போய் நிற்பாள். "சூடு குறையவே இல்ல அன்னா, அப்படியே நிக்குது" என்பார் அவர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் அன்றைய பொழுது முழுவதையும் ஓட்டிவிடுவாள்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் தங்கசாமி, மறுநாள் பெட்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் பண்ணைக்குப் பத்துப் பெட்டி வேண்டுமாம். அவர் வருவதற்குள் பெட்டியைச் சுத்தம் செய்து வைப்போமென்று அன்னாள் முட்டைத்தட்டை எடுத்தாள். எடுத்தவள், உப்பு எப்படி இருக்கிறதென்று ஒரு டப்பாவையும் திறந்து பார்த்தாள்.

உள்ளே அடியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. மேலே வெறும் தண்ணீர். அடுத்த டப்பாவும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

உருகி உருகி இறுகியதில் உப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்துவிட்டிருக்கிறது. பிரிந்த உப்பால் சூட்டைப் பிடித்து வைத்திருக்க முடியாது. இந்தக் கட்டி நேற்று உண்டானதல்ல. பல நாளாகச் சேர்ந்தது. அப்படியானால் இத்தனை ராத்திரியும் பெட்டியைச் சூடாக வைத்திருந்தது எது? குஞ்சுகள் எப்படிப் பொரிந்தன?

பெட்டியைச் சாய்த்து அடிப்பலகையைப் பார்த்தாள். நடுவில் தட்டளவு வட்டமாகக் கருகியிருந்தது. விரலை வைத்தாள், கரி ஒட்டியது. ஸ்டவ் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துபோகிறதென்று ரேஷன் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

சாயங்காலம் சவரியார் வந்ததும் பெட்டியைக் காட்டினாள். அவர் மறைக்கப் பார்க்கவில்லை. முதல் வாரக் கடைசியிலேயே ஒருநாள் சூடு மளமளவென்று இறங்கிவிட்டதாம். முட்டை செத்துப்போனால் அவள் மனசு விட்டுப்போகுமே என்று சிம்னி விளக்கைக் கொளுத்தி அடியில் வைத்தாராம். மறுநாளும் இறங்கியது, மறுநாளும் வைத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

"எல்லாம் உனக்காகத்தானே செஞ்சேன்?" என்றார்.

"எனக்காகன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். அன்னிக்கே சொல்லியிருந்தா டப்பாவைத் திறந்து பாத்திருப்பேன். எங்கே தப்புன்னு தெரிஞ்சிருக்கும்."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவர் அவளுடைய பெட்டியை நம்பவில்லை, அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அவள் கொண்டுவந்த காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தினமும் அல்லவா பொய் சொல்லியிருக்கிறார்!

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தங்கசாமியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியது. அவரை அழைத்தவர் சவரியார் என்பதால் அவரே சொல்வது. புருஷனுக்கு அந்த மரியாதையாவது இருக்கட்டும் என்று அன்னாள் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் வீடு திரும்பியபோது தங்கசாமி வாசலில் வண்டியோடு காத்திருந்தார். கூடையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து, இறக்கையை விரித்துப் பார்த்துத் திரும்பக் கூடையில் விட்டார். பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏனுங்க, ராத்திரிக்குக்கூட எண்ணெய் வேண்டாங்களா?" என்று சவரியாரைக் கேட்டார்.

அன்னாள் புருஷனைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"ஒரு சொட்டு வேண்டாங்க," என்றார் சவரியார் சிரித்துக்கொண்டே. "வெயில் இருக்கற ஊர்ல எண்ணெய் எதுக்குங்க?"

நேற்று கேட்டதைவிட இதுதான் அவளுக்குக் கூசியது. அந்தப் பொய்க்கு அவள்மேல் வைத்த பிரியத்தைக் காரணம் சொன்னார். இதற்கு என்ன சொல்வார்? இவர் பேச்சை நம்பிப் பத்துப் பெட்டி முட்டையை அடுக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போகிற மனிதர் எதிரே நிற்கிறார்.

அவள் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிச் சாய்த்தாள். கருகிய வட்டம் வெளிச்சத்துக்கு வந்தது.

"ராத்திரியெல்லாம் அடியில விளக்கு எரிஞ்சிருக்குங்க," என்றாள். "எனக்கே நேத்துதான் தெரியும். குஞ்சு பொரிச்சது எண்ணெயிலதான்."

தங்கசாமி குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார். சவரியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பண்ணைக்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அப்ப இது ஆகாதுங்களா அம்மணி?"

"இப்ப ஆகாதுங்க. உப்பு அடியில தங்காம மிதந்துக்கிட்டே இருக்க ஒரு வழி வேணும். தேடிப் பாக்கறேன். கிடைக்குமான்னு தெரியாது."

"கெடச்சா எங்கூட்டுக்கு வந்து சொல்லுங்க. நீங்களே வாங்க. இவுங்கள அனுப்பாதீங்க. வாரேனுங்க."

வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் சவரியார் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்ததும், ஊரான் எதிரில் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டாளென்று கத்தினார். முன்பணத்தோடு வந்த மனிதரை விரட்டிவிட்டாள், இனி எந்த முகத்தோடு அந்தப் பக்கம் பம்ப்செட் விற்கப் போவது என்று கேட்டார். அன்னாள் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

மத்தியானம் அவள் அடுப்பில் மரவள்ளிமாவைக் கரைத்துக் கூழ் காய்ச்ச ஆரம்பித்தாள். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகளில் சும்மா கிடைக்கிற மாவு. கூழ் பிசினாக இருந்தால் உப்பு அதில் சிக்கிக்கொண்டு அடியில் இறங்காது. இறங்காமல் இருந்தால் பிரியாது. சரியாக வரலாம், வராமலும் போகலாம்.

சவரியார் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். கோபம் ஆறியிருந்தது. மறுபடி முட்டை வைக்கப்போகிறாளா என்று கேட்டார். தலையசைத்தாள்.

"ராத்திரிக்கு நான் பாத்துக்கறேன் அன்னா. இந்தத் தடவை உள்ளது உள்ளபடி சொல்லிடறேன்."

"வேண்டாங்க. கட்டிலை எடுத்துட்டேன்."

"அப்ப என்னை நம்பலியா?"

கூழ் இறுகத் தொடங்கியிருந்தது. கையை நிறுத்தினால் கட்டி தட்டிப்போகும். அன்னாள் திரும்பிப் பார்க்காமல் கிளறிக்கொண்டேயிருந்தாள்.