அரைமணி நேர நாற்காலி

பொழுது புலருமுன்பே தொக்மோக் நகரின் அந்த நிலவறையில் பதினான்கு தையல் இயந்திரங்களும் ஓடத் தொடங்கிவிடும். இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் துணித் தூசியும் கலந்து தொண்டையில் படியும். ரஷ்யாவுக்குப் போகும் சட்டைகள். பகலுக்குள் அறுபது காலர் தைத்தாக வேண்டும் என்பதால் நுர்சதாவுக்குத் தலை நிமிர நேரம் இருப்பதில்லை.

அன்று நிமிர்ந்தாள். தரையில் குந்தியிருந்த கனிஷாய், பிசிறு வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். கத்தரி வளையம் அழுத்தித் தோல் உரிந்திருந்தது. நுர்சதா வெட்டி எறிந்த துணிக்கீற்று ஒன்றை எடுத்து அவள் விரலில் சுற்றிக் கட்டினாள்.

"அக்கா, போன வருஷம் இங்க தையல் கத்துக்க வந்த பொண்ணுங்க இப்ப எங்க?"

"வீட்ல."

"அப்ப நாங்களும் அவ்வளவுதானா?"

நுர்சதா துணி முடிச்சை இறுக்கினாள். கனிஷாயையும் பள்ளி முடித்த இன்னும் ஆறு பெண்களையும் ஜூன் மாதம் கூட்டி வந்தது அவள்தான். மூன்று மாதத்தில் தையல் கற்றுத் தந்து சான்றிதழும் கொடுப்பதாக முதலாளி எமில்பெக் சொல்லியிருந்தார். முதல் நாள் சாப்பாட்டு விரிப்புப் போட்டு, தன் கையாலேயே ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். எல்லோரும் உள்ளங்கை விரித்து, அவர் சொன்ன ஆசிக்கு ஆமீன் சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அதற்கு மேல் யார் காகிதம் கேட்பார்கள்? ரொட்டியை வாயில் வைத்த பிறகு எழுதித் தரச் சொல்வது, இட்ட கையையே சந்தேகிப்பதாகும். பெற்றவர்களும் கேட்கவில்லை. நுர்சதாவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் முடிய இன்னும் பத்தே நாள். ஏழு பேரில் ஒருத்தியும் இயந்திரத்தில் உட்கார்ந்ததில்லை. பிசிறு வெட்டினார்கள்; பொத்தான் பொறுக்கினார்கள்; தரை கூட்டினார்கள். கற்க வந்தவர்களுக்குச் சம்பளம் ஏது? பத்தாம் நாள் தொழிற்கல்லூரியில் தேர்வு. அங்கே ஒரு காலரைக் கண்ணெதிரே தைத்துக் காட்டினால்தான் இலவச இடம்.

எமில்பெக் படியிறங்கி வந்தார். நுர்சதா எழுந்தாள்.

"அண்ணே, பிள்ளைங்களுக்கு இன்னும் மெஷின் காட்டலையே."

"காட்டலாம்மா. இந்த ஆர்டர் முடியட்டும்."

"ஜூன்லயும் இதேதான் சொன்னீங்க."

"பிசிறு வெட்டுறதும் தொழில்தான். பொறுமையக் கத்துக்கட்டும்."

"பொறுமை அவங்க வீட்டுலயே நிறையக் கிடக்கு. அதுக்காக மினிபஸ் ஏறி வரணுமா?"

சிரிப்பு எழுந்தது. எமில்பெக் எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

"சிரிங்க. இவளுங்க பழகிட்டா யாரோட நாற்காலி போகும்? பதினெட்டு வயசுக் கண்ணு இது. உங்க கண்ணு மாதிரியா?"

சிரிப்பு அடங்கியது. போன குளிர்காலத்திலிருந்து ஊசியில் நூல் கோக்கத் தான் திணறுவதை அவர் கவனித்திருக்கிறார் என்பது நுர்சதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கனிஷாயைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்படிப் பயந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. ஆண்டவனே, ஒரு குழந்தையைக் கண்டா?

பக்கத்து இயந்திரத்துக் குல்பாரா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"நல்லவேளை சொன்னீங்க அண்ணே. எங்களையும் அவங்களையும் ஒரே கத்தரியாலதான் வெட்டுறீங்கன்னு இப்பப் புரியுது. என் மக அடுத்த வருஷம் பள்ளி முடிக்கிறா. எங்க வருவா? இங்கதான்."

"மதியம் அரைமணி எங்களோடதுதானே?" என்றாள் நுர்சதா.

"சாப்பிடறதுக்கு."

"சாப்பிடறதும் சாப்பிடாததும் எங்க இஷ்டம்."

"மெஷின் என்னோடது."

"மெஷின் உங்களோடதுதான் அண்ணே. ஆண்டவன் பேரால சொன்ன வார்த்தை யாரோடது?"

அவர் படியேறிப் போனார்.

மதிய மணி அடித்தது. யாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தையல்காரிகளில் ஏழு பேர் எழுந்து தங்கள் நாற்காலிகளைக் கற்க வந்த பெண்கள் பக்கம் திருப்பிப் போட்டார்கள். மற்ற ஏழு பேர் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"பிஸ்மில்லா சொல்லு. மெதுவா மிதி," என்றாள் நுர்சதா, தன் நாற்காலியில் உட்கார்ந்த கனிஷாயிடம்.

கனிஷாய் மிதித்தாள். இயந்திரம் துள்ளியது, காலர் கோணிக்கொண்டு போனது.

மறுபடி இறங்கி வந்த எமில்பெக், மின்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேணும்னா கரண்ட நிறுத்துங்க அண்ணே," என்றாள் குல்பாரா அமைதியாக. "ஆனா அரைமணி கழிச்சும் மெஷின் அப்படியே நிக்கும். சட்டைய நீங்களே தைச்சு ரஷ்யாவுக்கு அனுப்புங்க."

பதினான்கு பேரும் அவரைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் கையை எடுக்கவில்லை. கைப்பிடியைக் கீழே இழுக்கவுமில்லை.

"அக்கா, கோணலாப் போயிடுச்சு," என்றாள் கனிஷாய்.

"பிரிச்சிடு. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

அவள் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி மிதித்தாள்.