வெள்ளையாகவே வந்த பெயிண்ட்

பெயிண்ட் கடையின் பழைய கம்ப்யூட்டர் புகைந்து அடங்கியபோது, கடையை நடத்தும் அக்காவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அது போட்ட இரைச்சலில் போனில் பேசுகிறவர் சொல்வதுகூடக் காதில் விழாது. கடையில் கூட நிற்கும் தம்பி மறுநாளே புதிது ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, தானே செய்ததுபோல் அதைத் தட்டிக்கொடுத்தான்.

"பிச்சுக்கிட்டு ஓடும்க்கா!"

அது ஓடியது. கடையின் புரோகிராம்தான் ஓடவில்லை.

எந்த ஷேடுக்கு எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று கணக்குப் போட்டு, நிறம் கலக்கும் மெஷினை இயக்குவது அந்தப் புரோகிராம்தான். பழைய வாடிக்கையாளர்களின் சுவர் நிறமெல்லாம் அதற்குள் இருந்தது. பழையதன் ஹார்ட் டிஸ்கிலிருந்து அதை எடுத்துப் போட்டால், புதிய கம்ப்யூட்டர் திறக்கவே மாட்டேன் என்றது. தம்பி எங்கெங்கோ தேடி, பழைய கம்ப்யூட்டர்போல நடிக்கிற இன்னொரு புரோகிராமைப் பிடித்துப் போட்டு, அதற்குள் இதைத் திறந்தான். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. அக்கா கைதட்டப் போனாள். அப்போதுதான் மெஷினின் வயரைச் செருகப் புதியதன் முதுகில் இடமே இல்லை என்று தெரிந்தது.

"வாங்குறப்ப பின்பக்கத்தைப் பாத்தியாடா?"

"யாருக்கா பின்பக்கத்தைப் பாத்து வாங்குவாங்க?"

இடையில் மாட்டும் துண்டு ஒன்று வாங்கிவந்தான். பொருந்தவில்லை. இன்னொன்றுக்கு ஓடினான். அதற்குள், பாதிச் சுவரை அடித்துவிட்டு மீதிக்கு அதே நிறம் கேட்டு வந்த பெயிண்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா அவருக்குப் போன் மேல் போன் போட்டாள்.

ஒருவழியாக, சாயம் கலக்க வைத்த வெள்ளை பெயிண்ட் டின்னுக்கு மேல் மெஷின் கரகரவென்று உறுமியது. டின்னை மூடிக் குலுக்கித் திறந்தார்கள். பால்போல வெள்ளை. இன்னொரு டின் வைத்தார்கள். அதுவும் வெள்ளை.

"நான் கேட்டது பச்சைம்மா," என்றார் பெயிண்டர், ரொம்பப் பணிவாக. அந்தப் பணிவில்தான் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புரோகிராமை எழுதியவனைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. எழுதியவன் அவளுடைய முன்னாள் கணவன். பிரிந்தபிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனை 'நீ' என்றவள், இன்று 'நீங்க' என்று ஆரம்பித்தாள்.

"நீங்க எழுதின புரோகிராம் வெறும் வெள்ளையாத் துப்புது."

"அதையா இன்னும் ஓட்டறே?"

"வேற என்னத்த விட்டுட்டுப் போனீங்க?"

"கம்ப்யூட்டர் புதுசா? அப்பச் சரி. சாயக் குழாயைத் திறந்துட்டு, இவ்வளவு தூரம் எண்ணிட்டு மூடுன்னு எழுதிவெச்சேன். பழசு ஆடி அசைஞ்சு எண்ணும். புதுசு கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எண்ணி முடிச்சிடும். சொட்டு விழறதுக்கு முன்னாடியே குழாய் மூடிக்குது."

"எண்ணச் சொல்லாம, கடிகாரத்தைப் பாக்கச் சொல்லி எழுதியிருக்கலாமே?"

"எழுதியிருக்கலாம். நீதான் அன்னிக்கே வேணும்னு கழுத்துல உக்காந்தே."

"ஆமா, இதுக்கும் நான்தான் காரணம்!" அக்கா போனைத் தம்பியிடம் திணித்தாள்.

"சொல்லுங்க அத்தான்," என்றான் அவன். பழக்கதோஷம். சொன்னபிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

அந்த நடிக்கிற புரோகிராமில் வேகத்தைக் குறைக்க ஓர் இடம் இருக்கிறதாம். தம்பி குறைத்தான். இன்னும் குறைக்கச் சொல்லிக் குரல் வந்தது. "இப்படி நொண்டவிடறதுக்கா இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேன்?" என்று புலம்பிக்கொண்டே குறைத்தான். அடுத்த டின்னில் சாயம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பெயிண்டர் மூடியில் கொஞ்சம் தடவி, மின்விசிறிக்கு நேரே காட்டிக் காயவைத்து, சுவரிலிருந்து பெயர்த்து வந்திருந்த சில்லோடு சேர்த்துப் பார்த்தார்.

"இதேதாம்மா." டின்னைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாகப் போனார்.

தம்பி இன்னும் போனை வைக்கவில்லை. எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அத்தான் வந்து முழுசாப் புதுசா எழுதித் தர்றேங்கறார்."

அவள் போனைப் பிடுங்கினாள். "இப்ப ஓடுது. ஓடறதை யாரும் வந்து தொட வேணாம்." வைக்கப்போனவள், "தேங்க்ஸ்," என்று வேண்டாவெறுப்பாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். பிறகு வீணாய்ப்போன வெள்ளை டின்களைத் தம்பியின் பக்கம் காலால் தள்ளினாள்.

"உன் ரூமுக்கு அடிச்சுக்கோ. போ."