குடும்பத் தலைவி நேரில் வரவும்

"குடும்பத் தலைவர் பேரு கேக்குதுக்கா. யாரு பேரைப் போடுறது?"

"அம்மன் பேரைப் போடு லா. வீடு அவளோடதுதானே?" என்றாள் குஞ்சம்மா.

கோயிலில் எழுத்து வேலை பார்க்கும் தேவிஸ்ரீ, மானிய கேஸுக்கான பாரத்தில் மாரியம்மன் என்று எழுதினாள். அடையாள அட்டை எண் கேட்ட இடத்தில் கோயிலின் பதிவு எண்ணைப் போட்டாள். வீட்டில் சாப்பிடுபவர்கள்: வெள்ளிக்கிழமை நானூறு பேர், மற்ற நாள்களில் பூசாரி.

பாயா ரும்புட் கோயிலில் குஞ்சம்மா பதினோரு வருடமாக அன்னதானம் சமைக்கிறாள். போன மாதம் வரை ரப்பர் விறகுதான். பின்னால் புதிதாக வந்த தாமான் வீடுகளில் புகை புகுகிறது என்று புகார் போய், விறகு எரிக்கக்கூடாது என்று கடிதம் வந்தது. குஞ்சம்மாவுக்கும் இருமல் உண்டு, நியாயம்தான் என்றாள். கேஸ் அடுப்பு வாங்கினார்கள். கேஸ் சிலிண்டர் தோம்பு கொண்டுவருபவர், மானிய கேஸ் வீடுகளுக்கு மட்டும்தான், கோயில் வீடு இல்லை என்றார். கடைகளுக்கான தோம்பு இரண்டு மடங்குக்கு மேல் விலை. அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் ஆடி கடைசி வெள்ளி வந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மானிய அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. குடும்பத் தலைவர் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் வர வேண்டும். வராவிட்டால் விண்ணப்பம் ரத்து.

கோயில் தலைவர் கந்தசாமி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"யாரு பேரைப் போட்டீங்க?"

"அம்மன் பேரை" என்றாள் குஞ்சம்மா.

"ஏன், என் பேரைப் போட்டா என்ன?"

"நீங்க ரெண்டு வருசத்துக்கு ஒருதடவ மாறுவீங்க, அண்ணே."

கந்தசாமி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி. வெள்ளிக்கிழமை எப்படியும் அம்மன் ரதத்துல வெளிய வர்றாங்கதானே."

ஊர்வலத்துக்கான போலீஸ் பெர்மிட்டில் பாதையை மாற்ற வேண்டியிருந்தது. காரணம் என்ற இடத்தில் தேவிஸ்ரீ 'அலுவலக வேலை' என்று எழுதினாள். பெர்மிட் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ரதம் கடைவரிசையில் திரும்பி, மானிய அலுவலகத்தின் முன் நின்றது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். தேவிஸ்ரீ உள்ளே போய் வரிசை எண் எடுத்து வந்து ரதத்தின் படியில் வைத்தாள். 1047. மேலே பூவுக்குள் அம்மன் பொறுமையாகக் காத்திருந்தாள். முன்னால் ஆறு பேர் இருந்தார்கள்.

நாலு ஐம்பதுக்கு அந்த எண்ணை ஒலிபெருக்கி மலாயில் கூப்பிட்டது. யாரும் உள்ளே போகவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டது. பிறகு அதிகாரி தினேஷ்வரனே கோப்புடன் வெளியே வந்தார். ரதத்தைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"மாரியம்மன்...?" என்றார், கோப்பைப் பார்த்தபடி.

"அவங்கதான்" என்றாள் குஞ்சம்மா. கோயிலில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு இலை போட வேண்டும். பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"தம்பி, நேர்ல வரச் சொன்னீங்க, வந்துட்டாங்க. ஐசி அட்டை மட்டும்தான் இல்ல. ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க தம்பி."